சண்டை மீன் தனியாக இருக்க வேண்டியதில்லை

கொச்சியில் மீன் விற்பது ஒரு பெரிய காரியமே இல்லை; சட்டியில் போடக் கூடாத மீனை விற்பதுதான் காரியம்.

மட்டாஞ்சேரியில் போட் ஜெட்டிக்குப் போகும் வழியில், எங்கள் வீட்டு முன்னறையில், ஐம்பதுகளின் ஆரம்பத்தில் நான் வளர்ப்பு மீன் கடை போட்டேன். பதினாலு வருஷம் நடத்தினேன். எங்களுடையது பாலக்காட்டிலிருந்து மூன்று தலைமுறைக்கு முன்னால் வந்த தமிழ்க் குடும்பம். முட்டைகூட வாசற்படி தாண்டாத வீடு. என் வீட்டுக்காரர் மிளகுக் கிட்டங்கியில் குமாஸ்தா, அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசினேன். நீங்களும் வீட்டில் ஒரு சண்டை மீனை வைத்துக்கொண்டு, “இது மத்ததைக் கொன்னுடாதா?” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டு அலுத்தவரானால், கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். நானும் உங்கள் கட்சிதான்.

ஜாம் பாட்டிலில் வந்தவன்

முதல் சண்டை மீனைச் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரரின் சிநேகிதர், கப்பலில் பரிமாறும் வேலை செய்தவர். ஜாம் பாட்டிலுக்குள் நீலமாக ஒன்று புடவைத் தலைப்பை விசிறிக்கொண்டு நின்றது. “இவன் ஒண்டிக்கட்டை. யாரோடும் சேர்த்துவிடாதீர்கள், கொன்றுவிடுவான்” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி வாங்கி, நீண்ட வாலும் வர்ணமுமாக இருந்த ஒரு ஆண் கப்பி மீனைத் துணைக்கு விட்டேன். மறுநாள் காலையில் கப்பிக்கு வாலும் இல்லை, உயிரும் இல்லை. அன்று முழுக்க எனக்குச் சாதம் இறங்கவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. அவனுக்கு ஆள் பிடிக்காமல் இல்லை. தன்னைப் போல வால் விரித்து மினுக்குகிறவனைத்தான் பிடிக்கவில்லை. அப்படியானால் வால் இல்லாதவனாக, நிறம் மங்கினவனாக, மேலே வராமல் மணலோடு மணலாகக் கிடக்கிறவனாக ஒருவன் வேண்டும். அயிரை!

எங்கள் தெருவில் கூடை சுமந்து மீன் விற்ற திரேசியா சேடத்தியைக் கூப்பிட்டு, வயல் வாய்க்கால் அயிரை நாலு உயிரோடு வேண்டும் என்றேன். பிராமணப் பட்டத்தி வீட்டுக்கு மீனா என்று அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். இரண்டு நாள் கழித்து ஈர மண்சட்டியில் கொண்டுவந்தாள். மேலே அவன், கீழே அவர்கள், நடுவில் ஒளிந்துகொள்ள ஒரு சிரட்டையும் கொஞ்சம் பாசியும். மூன்று வாரம் பார்த்தேன். ஒருவரை ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரேசியாவும் தினம் வந்து ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தாள். கடைசியில் சொன்னாள்: “முப்பது வருஷமா மீன் விக்கறேன் அம்மா, மீனுக்கு சுகந்தானான்னு இப்பத்தான் ஒருத்தி கேக்கறா.”

மூன்றாம் படி

கடை போட்ட முதல் நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக் கொலுவுக்கு யாரும் வரவில்லை. நான் வீடு வீடாகப் போய் அழைத்திருந்தேன். எல்லோரும் “வரோம், வரோம்” என்றார்கள். முதல் நாள் சுண்டலை நானும் அவரும் வசந்தாவும் தின்று தீர்த்தோம். வசந்தா எங்கள் பெண். அப்போது அவளுக்குப் பத்து வயசு. இரண்டாம் நாள் எனக்கு ஆத்திரம் வந்தது. மூன்றாம் படியில் இருந்த செட்டியார் பொம்மைகளைத் தூக்கி நாலாம் படியில் நெருக்கி வைத்துவிட்டு, அந்த இடத்தில் சண்டை மீன் தொட்டியை வைத்தேன். பக்கத்தில் இரண்டு அகல்.

அந்தச் செய்தி தெருவில் எப்படிப் பரவியது என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் சாயங்காலம் பதினோரு மாமிகள் வந்தார்கள், திட்டுவதற்கென்றே. அவர்களுக்கெல்லாம் பெரியவரான லக்ஷ்மி மாமி தொட்டி முன்னால் நின்று என்னைத் திட்ட வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அவன் விளக்கு வெளிச்சத்தில் துடுப்பையெல்லாம் விரித்துக்கொண்டு முன்னால் வந்தான். மாமி திறந்த வாயை மூடவில்லை. அப்படியே கன்னத்தில் போட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார்: “மச்சாவதாரம்னு நெனச்சு சேவிச்சுட்டேன் கோமதி, இனிமே திட்டினா எனக்கன்னா பாபம்!”

ஆலுவாத் தண்ணீர்

மட்டாஞ்சேரிக் கிணறுகளில் உப்பு. குடிக்கிற தண்ணீர் ஆலுவாவிலிருந்து குழாயில் வரவேண்டும். அதுவும் தெருக்குழாயில், வரிசையில் நின்று. ஒருநாள் என் குடத்தைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு பங்கஜாக்ஷி சேச்சி சத்தம் போட்டாள். மனுஷனுக்கு இல்லாத தண்ணீர் மீனுக்கா என்று கேட்டாள். அந்தக் குடம் எங்கள் வீட்டுச் சாதத்துக்குத்தான். ஆனாலும் அவள் கேட்டது நியாயம். சண்டை பிடிக்கிறவளுக்கு எது நியாயம் என்றும் தெரிந்திருக்க வேண்டும். அன்றே தகரம் வளைத்து ஓட்டின் விளிம்பில் கட்டி, மழைத் தண்ணீரைச் சிமெண்டுத் தொட்டியில் பிடித்தேன். கொச்சியில் மழைக்கா பஞ்சம்! என் மீன்களுக்கும் அந்த உப்பில்லாத தண்ணீர்தான் பிடித்தது.

அடுத்த மேடத்தில் குழாய் உடைந்து மூன்று நாள் தெரு முழுக்க ஒரு சொட்டு இல்லை. சித்திரை வெயில். மூன்றாம் நாள் பங்கஜாக்ஷி சேச்சி குடத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். நான் சிமெண்டுத் தொட்டியின் மூடியைத் திறந்துவிட்டேன். அவள் எட்டிப் பார்த்துச் சந்தேகமாகச் சொன்னாள்: “மீன் கண்ட தண்ணி வேண்டா மாமி, மீன் காணாத வெள்ளம் போதும்.”

வாலைக் கிழித்தவன்

ரிட்டயரான பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் குடையால் தரையைத் தட்டிக்கொண்டு வந்தார். போன மாதம் வாங்கிப்போன சண்டை மீன் சண்டையே போடவில்லையாம். அதுதான் அடி வாங்குகிறதாம். கொண்டுவந்த பாட்டிலைப் பார்த்தேன். பாவம், வால் கந்தலாகி மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. துணைக்கு யாரை விட்டீர்கள் என்று கேட்டேன். குளத்தில் பிடித்த ஆறு பரல் மீன் என்றார். வெள்ளி மாதிரி மினுக்கிக்கொண்டு திரியும் சின்ன மீன், பார்க்கச் சாது. ஆனால் நீளமான வாலைக் கண்டால் கிள்ளாமல் இருக்க அதற்கு முடியாது. இவனோ கனமான துணியை இழுத்துக்கொண்டு ஓடுகிறவன் மாதிரி, தப்பவும் முடியாது.

பரலைக் குளத்தில் விட்டுவிட்டு, நாலு அயிரையையும் இரண்டு நத்தையையும் விடச் சொன்னேன். வால் வளர்ந்துவிடும் என்றும் சொன்னேன். அவர் உடனே கிளம்பவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பாட்டிலைத் திருப்பித் திருப்பி அந்தக் கந்தல் வாலைப் பார்த்தார். பிறகு எழுந்து குடையை எடுத்துக்கொண்டு சொன்னார்: “முப்பது வருஷமா நான் பெஞ்சு மேலே ஏத்தினதெல்லாம் கெட்ட பேர் வாங்கினவாளைத்தான் அம்மா, கிள்ளினவா எல்லாம் முன்வரிசையிலே உக்காந்திருந்தா.”

ஜோடி கேட்டவர்

இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். 

சில்க் சட்டை போட்ட ஒருவர் வந்து ஒரு ஜோடி சண்டை மீன் கேட்டார். ஆணும் பெண்ணுமா என்றேன். “ரெண்டும் ஆண்” என்றார். எதற்கு என்று எனக்குத் தெரியும். கிட்டங்கிகளுக்குப் பின்னால் பந்தயம் கட்டி மீனை மோதவிட்டுக்கொண்டிருந்தார்கள். கொடுக்க முடியாது என்றேன். “வாங்கினா என் மீன். நான் என்ன வேணா பண்ணுவேன்” என்றார். “வாங்கினப்புறம் உங்க மீன். இன்னும் வாங்கலையே” என்றேன். போய்விட்டார். மறுநாள் வேறெங்கோ வாங்கின ஒரு ஆண் மீனைப் பாட்டிலில் போட்டு, நாலு பேரோடு வந்தார். பாட்டிலை என் முன் தொட்டியோடு ஒட்டி வைத்தார். இரண்டும் செவுளை விரித்துக்கொண்டு கண்ணாடியில் முட்டின. கூட்டம் சேர்ந்தது. சிலர் சிரித்தார்கள், சிலர் பந்தயமே கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஈரத் துண்டைத் தொட்டி மேல் போர்த்தினேன். பாட்டிலை எடுத்து அவர் கையில் திணித்து, “இறங்குங்கோ. இது என் வீடு” என்றேன். அத்தனை பேர் முன்னால் ஒரு பொம்பளை சொல்லி அவர் படியிறங்க வேண்டியிருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். முன் தொட்டி உடைந்து கிடந்தது. அறை நடுவில் ஒரு கருங்கல். யார் செய்தது என்று யாரும் பார்க்கவில்லை. தெருவில் கேட்டபோது எல்லோருக்கும் அப்போதுதான் வேறு வேலை இருந்ததாம். அவனுக்குத் துணையாக விட்டிருந்த, உடலில் கறுப்புக் கோடு போட்ட சின்ன மீன்களில் ஐந்து செத்துக் கிடந்தன. அயிரைகள் ஈர மணலில் நெளிந்துகொண்டிருந்தன. சண்டை மீன் தரையில் உள்ளங்கையளவு தண்ணீரில் ஒருக்களித்துப் படுத்து, வாயைத் திறந்து காற்றைக் குடித்துக்கொண்டிருந்தான். அந்த ஜாதிக்கு அது முடியும். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். எதிரில் கயிற்றுக்கடை வைத்திருந்த கட்ச் தேசத்து சேட்டு இரண்டு வாளியோடு ஓடிவந்தார். அவர் கண்ணாடிச் சில்லைப் பொறுக்கினார், நான் மீனைப் பொறுக்கினேன்.

மத்தியானத்துக்குள் கடையைத் திறந்துவிட்டேன். மாவடு ஜாடியில் அயிரை, வெண்கலப் பானையில் நத்தை, என் வீட்டுக்காரர் சவரம் பண்ணும் கிண்ணத்தில் குட்டி மீன்கள், கண்ணாடி ஊறுகாய் பாட்டிலில் அவன். வாசலில் மலையாளத்திலும் தமிழிலும் ஒரு பலகை எழுதி மாட்டினேன்: ‘இங்கே சண்டைக்கு மீன் கிடையாது.’ சாயங்காலம் கிட்டங்கியிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் பலகையைப் படித்தார், கிண்ணத்தைப் பார்த்தார், முகவாயைத் தடவிக்கொண்டு உள்ளே போனார். சேட்டுதான் தன் கடையிலிருந்தபடி, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: “தொட்டியை உடைச்சா கடை போயிடும்னு நெனச்சான், இப்ப பாரு, சமையல்கட்டும் கடையாயிடுச்சு!”

நோட்டீஸ்

கொச்சிக் கொசுவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். எங்கள் தெருவில் யானைக்கால் வந்து வீங்கின கால் இல்லாத வீடு குறைவு. அதனால் சுகாதார இலாகாக்காரர் காக்கி நிக்கரில் வந்து, என் பின்கட்டில் கொசுப்புழு நிறைந்த பீப்பாயைப் பார்த்ததும் துள்ளிக் குதித்ததில் தப்பில்லை. தேங்கின தண்ணீரில் கொசு வளர்க்கிறாயா என்று கேட்டு நோட்டீஸ் புத்தகத்தைத் திறந்தார். நான் வளர்க்கவில்லை, தீனி பிடித்து வைத்திருக்கிறேன் என்றேன். நம்பவில்லை.

பீப்பாயைத் துணி போட்டு இறுக்கிக் கட்டியிருப்பதைக் காட்டினேன். பிறகு அவரை இழுக்காத குறையாக முன்னறைக்குக் கூட்டிவந்து, ஒரு கரண்டி புழுவை அள்ளித் தொட்டியில் விட்டேன். சண்டை மீன் மேலே வந்ததையெல்லாம் விழுங்கினான். கீழே விழுந்ததை அயிரை பொறுக்கியது. இரண்டு நிமிஷத்தில் தொட்டி சுத்தம். “இப்படி ஒரு நாளைக்கு மூணு தடவை. வாசல்ல இருக்கற ஓடையிலே எத்தனை புழு இருக்கு, அதுக்கு யார் பேரிலே நோட்டீஸ்?” என்று கேட்டேன். அவர் ஓடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். பேனாவை மூடாமலே சொன்னார்: “நோட்டீஸ் எழுதித் தொடங்கியாச்சு அம்மா, கிழிக்க விதியில்லை, உங்க பேருக்குப் பதில் இவனுக்கு ஒரு உத்தியோகம் எழுதட்டா?”

ரேச்சல் கொண்டுவந்த வாளி

யூதத் தெருவில் இருந்த ரேச்சல் என்னைவிட நாலு வயசு சின்னவள். என்னிடம் சிவப்புச் சண்டை மீன் ஒன்று வாங்கியிருந்தாள். ஆறு அயிரை, ஒரு நத்தை, எல்லாம் என் ஆலோசனைதான். வாரத்துக்கு ஒருதரம் வந்து அவன் என்ன தின்றான், எங்கே தூங்கினான் என்றெல்லாம் சொல்லுவாள். அவர்கள் தெருவிலிருந்து ஒவ்வொரு குடும்பமாக யூதர்களின் புது நாட்டுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த வருஷம் அது. ஒருநாள் ரிக்‌ஷாவில் தொட்டியோடு வந்து இறங்கினாள். இன்னொரு கையில் மூடின வாளி. வீடு விற்றாகிவிட்டது, வியாழக்கிழமை பம்பாய்க்குக் கிளம்புகிறோம் என்றாள். தொட்டியை நான் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அவனையும் அயிரைகளையும் பிரிக்கக் கூடாது.

பிரிக்கவில்லை. ஃபோர்ட் கொச்சி ஓட்டல்காரர் ஒருவர் சிவப்பு மீனை மட்டும் கேட்டுக் காரில் மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் வெறுங்கையோடு அனுப்பினேன். வியாபாரம் தெரியாதவள் என்றார். அவன் ஆயுசு முடிகிற வரைக்கும், இன்னும் ஒன்றரை வருஷம், அவர்களோடுதான் இருந்தான். ரேச்சல் வந்த அன்று, வாளியில் என்ன என்று கேட்டேன். மூடியைத் திறந்தாள். அவள் வீட்டுத் தொட்டியின் பழைய தண்ணீர். ரிக்‌ஷாவில் அலம்பாமல் இருக்க மேலே வாழையிலையை மிதக்கவிட்டிருந்தாள். அதை என் கையில் கொடுத்துச் சொன்னாள்: “நாங்க போற இடத்துல வெள்ளம் எப்படீன்னு அறியில்லா கோமதி, இவனாவது பழகின வெள்ளத்துல கெடக்கட்டும்.”

முன்னறையை ஒழிக்கச் சொன்னவர்கள்

வசந்தா எர்ணாகுளத்தில் பி.ஏ. முடித்திருந்தாள். டெலிபோன் ஆபீஸ் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். திருச்சூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பாங்கில் உத்தியோகம். ஜாதகம் சேர்ந்தது. பெண் பார்க்க வந்தார்கள். நேந்திரங்காய் வறுவலைக் கொறித்தபடி பையனின் மாமா சொன்னார்: “எல்லாம் பிடிச்சிருக்கு. ஒண்ணே ஒண்ணு. பத்திரிகை அடிக்கறதுக்கு முன்னாலே அந்த முன்னறையை ஒழிச்சுடணும். நாலு பேர் எங்களைப் பாத்து மீன்காரி சம்பந்தின்னு சொல்லப்படாது.” பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

கல்லெறிந்தவனுக்கும் நோட்டீஸ்காரருக்கும் பதில் சொன்ன நான் அன்றைக்கு வறுவல் தட்டை நிரப்புகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தோம். என் பிடிவாதத்துக்கு என் பெண் ஏன் விலை கொடுக்க வேண்டும்? மறுநாள் காலையில் தொட்டிகளை வரிசையாகப் பார்த்தேன். எதை யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசித்தேன். “மூடிடலாம்” என்று அவரிடம் சொன்னேன். அவர், பேசவே பேசாதவர், “உனக்கு மனசா?” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் வசந்தா அறைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தோடு வந்தாள். திருச்சூருக்கு அவளே எழுதியிருந்தாள். வரன் வேண்டாம், வந்து போனதற்கு நமஸ்காரம், அவ்வளவுதான். நான் பிடுங்கிக் கிழிக்கப் போனேன். அவள் கையை உயரத் தூக்கிக்கொண்டாள். அவள் என்னைவிட உயரம்.

ஒரு வருஷம் ஊர் பேசியது. வசந்தாவுக்கு டெலிபோன் ஆபீஸில் வேலை கிடைத்தது. மூன்று வருஷம் கழித்துக் கலூரிலிருந்து வந்த ஒரு பையன், முன்னறை வழியாக உள்ளே வந்து, தொட்டிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பெண்ணையும் பார்த்துவிட்டுச் சரி என்றான். கல்யாணத்தன்று கடைக்கு ஒருநாள் லீவு, அவ்வளவுதான். ஆனால் எனக்குக் கல்யாணம்கூட அவ்வளவு ஞாபகமில்லை. கடிதம் எழுதின அந்தக் காலையில், தபால் பெட்டிக்குப் போகச் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னதுதான் ஞாபகம்: “முதல்ல முன்னறையை ஒழிக்கச் சொல்றவா, அடுத்தது என் உத்தியோகத்தை ஒழிக்கச் சொல்லுவா அம்மா, அது மீன் தொட்டியிலேயே இப்பவே தெரிஞ்சது லாபமாக்கும்.”

மாமிகள், மாமாக்கள், பந்தயக்காரர், ஓட்டல்காரர், சர்க்கார் என்று பதினாலு வருஷமும் எல்லோரும் என்னோடு சண்டைக்கு வந்தார்கள். வராத ஒரே ஜாதி அந்தச் சண்டை மீன்தான்.